பூச்சியுண்ணும் தாவரங்களுக்குப் புரதம் ஊட்டும் சோதனைகள்

பூச்சிக்குப் பதிலாக முட்டை வெண்கரு, இறைச்சித் துணுக்கு, பால், புரதப்பொடி போன்றவற்றைப் பூச்சியுண்ணும் தாவரங்களுக்குக் கொடுத்து, செடி அவற்றைச் செரிக்கிறதா, செரித்தால் பயனடைகிறதா என்று அறியும் சோதனைகள் ஏறத்தாழ 150 ஆண்டுகளாக நடந்து வருகின்றன. உடற்பயிற்சி செய்வோர் பாலில் கலந்து குடிக்கும் வே புரோட்டீனை இன்று சிலர் வீட்டுத் தொட்டிச் செடிக்கு இட்டுப் பார்க்கின்றனர். இது புதுமையாகத் தோன்றினாலும் கேள்வி பழையதே.

இத்தாவரங்களும் மற்றச் செடிகளைப் போல ஒளிச்சேர்க்கை செய்து மாவுப்பொருளைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. அவை வளரும் சதுப்பு நிலத்திலும் ஈர மணலிலும் நைட்ரஜனும் பாஸ்பரசும் மிகக் குறைவு. அந்தக் குறையை ஈடுசெய்யவே பூச்சியைப் பிடிக்கின்றன. எனவே பூச்சி இவற்றுக்குச் சோறு அன்று, உரம் என்பதே பொருத்தம்.

தமிழ்நாட்டில் இவ்வகைச் செடிகள் இல்லை என்று மாணவர் பலர் எண்ணுகின்றனர். அழுகண்ணி என்றும் வழங்கப்படும் டிரோசிராவின் சிற்றினங்கள் இங்கு உண்டு. டிரோசிரா இண்டிகா, டிரோசிரா பர்மானி ஆகியவை ஈரமான மணற்பாங்கான இடங்களிலும், டிரோசிரா பெல்டேட்டா நீலகிரி, கொடைக்கானல் மலைகளின் புல்வெளிகளிலும் வளர்கின்றன. இலையில் உள்ள சிறு உணர்நீட்சிகளின் நுனியில் பசைத்துளி பனிபோல் மின்னும். அதில் ஒட்டிய கொசுவை நீட்சிகள் வளைந்து பிடித்துக்கொள்ளும்.

1875இல் வெளிவந்த சார்லஸ் டார்வினின் 'பூச்சியுண்ணும் தாவரங்கள்' என்னும் நூல் பெரும்பாலும் டிரோசிராவுக்கு உணவூட்டிய கதைதான். சர்க்கரைக் கரைசல், கோந்து, மாவுக்கரைசல், ஆலிவ் எண்ணெய், தேநீர் எனப் புரதமற்ற நீர்மங்களை 61 இலைகளில் இட்டார். ஓர் இலையும் அசையவில்லை. பால், முட்டை வெண்கரு, இறைச்சிச் சாறு, உமிழ்நீர் போன்ற நைட்ரஜன் உள்ளவற்றை 64 இலைகளில் இட்டபோது 63 இலைகளின் நீட்சிகள் நன்கு வளைந்தன. செடிக்கு நாக்கு இல்லை. ஆயினும் எது தனக்கு வேண்டியது என்பதைப் பிரித்தறிகிறது.

வேகவைத்த வெண்கருவைச் சிறு கனசதுரங்களாக வெட்டி இலைமேல் வைத்தபோது முதலில் மூலைகள் மழுங்கின, பின்னர் துண்டு முழுதும் கரைந்தது. செரிமானம் நடக்கும்போது காரப்பொருள் சேர்த்தால் அது நின்றது. மீண்டும் சிறிது அமிலம் சேர்த்தால் தொடர்ந்தது. நம் இரைப்பையில் பெப்சின் வேலை செய்யும் முறையும் இதுவே. பாலடைக்கட்டியையோ இறைச்சியையோ பெரிய துண்டாக வைத்த இலைகள் கெட்டுப்போயின என்பதையும் டார்வின் குறித்துள்ளார். புரதப்பொடி இடுவோர் இந்த இடத்தை இருமுறை படிக்க வேண்டும்.

செரிப்பது வேறு, பயனடைவது வேறு. பூச்சி கிடைக்காமலும் செடி உயிரோடு இருக்கிறதே என்று அக்காலத்தில் ஐயம் எழுந்தது. டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின் 1877இல் சுமார் 200 டிரோசிராச் செடிகளைத் தட்டுகளில் வளர்த்து, ஒவ்வொரு தட்டையும் தடுப்பால் இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிச் செடிகளின் இலைகளில் ஒன்றேகால் மில்லிகிராம் அளவிலான வறுத்த இறைச்சித் துணுக்குகளை வைத்தார். மறுபாதிக்கு எதுவும் இல்லை. 1878இல் வெளியான முடிவின்படி, உணவு பெறாத செடிகளை 100 எனக் கொண்டால், உணவு பெற்றவற்றின் பூத்தண்டுகள் 164.9, விதைகளின் எண்ணிக்கை 241.5, விதைகளின் மொத்த எடை 379.7. இலைகளைப் பார்த்தால் இவ்வளவு வேறுபாடு தெரிந்திராது. ஆதாயம் விதைக்குப் போயிருக்கிறது.

குடுவைத் தாவரத்தில் இச்சோதனையை ஜோசப் ஹூக்கர் செய்து 1874இல் பெல்பாஸ்ட் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் விளக்கினார். வெண்கரு, இறைச்சி, குருத்தெலும்புத் துண்டுகள் குடுவைக்குள் கரைந்தன. ஆனால் குடுவை நீரை வெளியே எடுத்துக் குழாயில் வைத்தபோது செரிமானம் குறைந்தது. உணவு விழுந்த பிறகு செடி மேலும் ஏதோ சுரக்கிறது என்று அவர் கருதினார். மேகாலயாவின் காசி மலைப்பகுதிக்குரிய நெப்பந்தஸ் காசியானாவில் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை செய்கிறது. மூடிய குடுவைக்குள் பூச்சியின் ஓட்டிலுள்ள கைட்டினைச் செலுத்தியபோது அதைச் சிதைக்கும் நொதி சுரந்தது. புரதப்பொடியில் கைட்டின் இல்லை.

இனிப் பொடிக்கு வருவோம். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு நைட்ரஜன். 80 விழுக்காடு புரதம் உள்ள பொடியில் 1 மில்லிகிராம் எடுத்தால் அதில் சுமார் 0.13 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். பிரான்சிஸ் டார்வினின் துணுக்கும் ஏறக்குறைய இதே எடைதான் என்பதால், ஊசிமுனையில் ஒட்டும் அளவே ஓர் இலைக்குப் போதும். ஒரு சிட்டிகை என்பதே பல மடங்கு அதிகம். கடையில் விற்கும் பொடிகள் பலவற்றில் சர்க்கரை, சாக்லேட் மணம், உப்பு ஆகியவை சேர்ந்திருக்கும். இவற்றைச் செடி செரிப்பதில்லை, பூஞ்சை செரிக்கும். பொட்டுக்கடலை மாவிலும் இதே இடர்தான். அதில் புரதம் இருந்தாலும் பெரும்பகுதி மாவுப்பொருள். படவேடு போன்ற சவ்வாது மலையடிவார ஊர்களின் கோடை வெப்பத்தில் ஈரப் பொடி விரைவில் நாறிவிடும். மேலும், பூச்சியின் உடலிலிருந்து கிடைக்கும் பாஸ்பரசும் பொட்டாசியமும் பொடியில் போதிய அளவு இருப்பதில்லை.

வீனஸ் பூச்சிப்பொறியில் இன்னொரு சிக்கல் உண்டு. உள்ளே உள்ள உணர்முடிகள் சுமார் 20 விநாடிக்குள் இருமுறை தொடப்பட்டால் பொறி மூடும். ஆனால் பிடிபட்ட பூச்சி துடித்து மேலும் மேலும் தொட்டால்தான் செரிமான நொதிகள் சுரக்கத் தொடங்கும். பொடி துடிக்காது. ஆகவே மூடிய பொறியை வெளியிலிருந்து மெதுவாகப் பிசைந்துவிட வேண்டும். இல்லையேல் பொறி ஓரிரு நாளில் வெறுமனே திறந்துகொள்ளும்.

பள்ளியில் செய்து பார்க்க விரும்புவோர்க்கு டிரோசிராவும் வேகவைத்த வெண்கருவுமே எளிது. ஒரே செடியில் ஓர் இலைக்கு வெண்கரு, ஓர் இலைக்குச் சர்க்கரைத் துகள், ஓர் இலைக்கு அதே அளவு மணல் எனக் கொடுத்து, மறுநாள் நீட்சிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கலாம். வளர்ச்சியை அறிய வேண்டுமானால் உணவு பெறாத செடிகளையும் அருகிலேயே வைத்துப் பூக்கும் காலம் வரை பொறுக்க வேண்டும். ஒரே செடிக்குப் பொடி இட்டு, நன்றாக வளர்ந்தது என்று சொல்வதால் எதுவும் விளங்காது. வேரில் யூரியாவோ சாணமோ இடக்கூடாது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீரும் ஆகாது, மழைநீர் நல்லது. செடியை நாற்றுப்பண்ணையில் வாங்க வேண்டுமே தவிர மலையிலிருந்து பிடுங்கக்கூடாது. நெப்பந்தஸ் காசியானா இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் உள்ள தாவரம்.