சைக்கிள் சங்கிலியா, அடிமைச் சங்கிலியா?

வடக்கே கூப்பிடு தூரத்தில் ஆந்திர எல்லை, கிழக்கே பழவேற்காட்டு ஏரி, இடையிலே ஆரம்பாக்கம். ஏரியை நம்பிய குப்பங்களிலே பிறந்த பிள்ளைகள் பலர், இன்று வலையை வைத்துவிட்டுத் தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளுக்கும், எல்லை தாண்டி ஸ்ரீசிட்டிக்கும் வேலைக்குப் போகிறார்கள். ரயில் உண்டு. ஆனால் ஆலைச் சங்கு ரயிலைப் பார்த்து ஊதுவதில்லையே! நெடுஞ்சாலையில் இறங்குகிறவனுக்குக் குப்பம் வரை நடை. அவனுக்குச் சைக்கிள் ஆடம்பரமா? கருவி, தோழர்களே, தச்சனுக்கு உளி போலக் கருவி!

அந்தக் கருவியை முதலாளி வாங்கித் தருவது, மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வது; இந்த ஏற்பாடு நல்லதா என்று கேட்கிறார்கள். பிடிப்பது எவ்வளவு, பிடித்து முடியும் வரை வண்டி யாருடையது? இந்த இரண்டையும் கேட்காமல் கையெழுத்திடாதீர் என்கிறோம் நாம்.

இங்கிலாந்தைப் பாருங்கள். 1999-ல் வரிச் சலுகையோடு அங்கே இத்திட்டம் பிறந்தது. நிர்வாகம் வண்டி வாங்கும். தொழிலாளி சம்பளத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுப்பான். அந்தப் பகுதிக்கு வரி இல்லை. கேட்க இனிக்கிறது! ஆனால், பிடித்தத்துக்குப் பின் சம்பளம் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாதென்பது விதி. விதி நியாயமானதே. விளைவு? அடிமட்டக் கூலிக்காரன் திட்டத்துக்கு வெளியே நிற்கிறான். அதிக வரி கட்டும் அதிகாரிக்கே அதிக இலாபம். தவணை முடியும் வரை வண்டியும் வாடகை வண்டிதான்.

இங்கே நம் ஆலைத் தொழிலாளியின் சம்பளத்துக்கு வருமான வரியே பெரும்பாலும் கிடையாது. ஆகவே வட்டியில்லா முன்பணம் ஒன்றுதான் அவனுக்கு உண்மையான சலுகை. மத்திய அரசு தன் ஊழியருக்கு அப்படியொரு சைக்கிள் முன்பணம் தந்துவந்தது. ஏழாவது ஊதியக் குழு சொல்லிற்று என்று 2016-ல் அதையும் நிறுத்தியது டெல்லி!

வட்டி என்றால் கணக்குப் பார்க்க வேண்டும். 12,000 ரூபாய் வண்டி, 12 மாதத் தவணை, "நூற்றுக்குப் பன்னிரண்டுதான்" என்பார்கள். மாதம் 1,120 ரூபாய்; வட்டி 1,440. அசல் மாதாமாதம் குறைகிறதே, வட்டி குறைந்ததா? இல்லை! குறையும் பாக்கிக்கு மட்டும் வட்டி போட்டால் 800 ரூபாய்கூட ஆகாது. பன்னிரண்டு என்று பெயர். உண்மையில் 21-க்கு மேல்.

இதைவிடப் பெரிய அபாயம் ஒன்றுண்டு. வலைக்கும் படகுக்கும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவன், பிடித்த மீனை அவரிடமே, அவர் சொன்ன விலைக்கே தர நேர்வதைக் கடற்கரை அறியும். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலே நம் தமிழனின் கடனைத் துண்டுச் சீட்டில் எழுதி, அந்தத் துண்டோடு அவனைத் தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றினார்களே! 1921-ல் சட்டம் போட்டல்லவா அதை ஒழிக்க வேண்டியிருந்தது! பாக்கி தீரும்வரை வேலையை விடாதே என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்குமானால், சைக்கிளில் ஏறி வருவது அந்தப் பழைய துண்டுதான். ஒப்பந்தக்காரரிடம் கூலி வாங்குகிறவன் இதை இருமுறை படிக்கட்டும்.

வைப்பு நிதிக்கு 12 சதவீதம், ஈ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் முன்னதாகவே போகிறது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து கூலியில் பாதியைத் தாண்டக்கூடாது என்கிறது 2019-ம் ஆண்டு ஊதியச் சட்டத் தொகுப்பு. பாதி பறிபோனால் அடுப்பெரியுமா என்பதைச் சட்டத்திடம் கேட்டுப் பயனில்லை, வீட்டிலே கேளுங்கள்.

நமக்குப் பிடித்த வழி, தொழிலாளரே நடத்தும் சிக்கன நாணயச் சங்கம். பிடித்தம் அங்கும் உண்டு. ஆனால் வட்டியைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் கடன் வாங்கியவனுக்கும் ஓட்டு உண்டு. நாட்டின் முன்னோடிக் கூட்டுறவுச் சங்கங்களுள் ஒன்று 1904-ல் தோன்றிய திரூர், இதே திருவள்ளூர் மாவட்டந்தானே! சங்கம் இல்லாத ஆலையில், அடுத்த கூலிப் பேச்சிலேயே தொழிற்சங்கம் கேட்கட்டும்: வட்டியில்லா முன்பணம், முதல் நாளே தொழிலாளி பெயரில் பில், வேலையை விட்டாலும் தவணையில் பாக்கி கட்டும் உரிமை.