வெந்நீரின் பதம்

சுடுநீர் ஆக்குதல் எளிது. ஆக்கிய சூட்டை வேண்டிய அளவில் நிறுத்துதலே அரிது. விறகடுப்பின் முன் நின்ற நம் அன்னையர் விரலை நீரில் நனைத்துப் பதம் அறிந்தனர். இன்று அப்பணியைக் குளியலறைச் சுவரிற் பொருத்திய சிறு மின் சூடாக்கியிடம் ஒப்படைத்துள்ளோம். அது பதம் அறிவது எங்ஙனம், அதனை எவ்வளவு நம்பலாம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தமிழாசிரியர்க்கு இது புறம்பான பொருள் என அன்பர்கள் எண்ணற்க. காரைதீவில் 1892இல் தோன்றி, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராகவும் விளங்கிய சுவாமி விபுலானந்தர் விஞ்ஞானப் பட்டமும் தமிழ்ப் புலமையும் ஒருங்கே பெற்றவர். அவர் பிறந்த கரையிலிருந்து எழுதும் எமக்கு அதுவே துணிவு.

மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய ஊர்களிற் கிணற்று நீர் ஏறத்தாழ 28 பாகை செல்சியசு வெப்பம் உடையது. இங்கு வெந்நீர் எதற்கு என வினவுவாரும் உளர். மார்கழி மழைக் குளிரில் வைகறைத் தொழுகைக்கு உளூச் செய்யும் முதியோர்க்கும், திருவெம்பாவைக் காலத்து விடியலில் நீராடுவோர்க்கும், பிள்ளை பெற்ற தாய்க்கும், பச்சிளங் குழந்தைக்கும் அது வேண்டப்படுவதே. முதியோர், குழந்தைகள் ஆகிய இவர்தம் தோலோ மெல்லியது. ஆகவே சூட்டின் அளவை அறிதல் இன்றியமையாததாகின்றது.

சூடாக்கியினுள் நீரைக் காய்ச்சுவது ஒரு மின்தடைச் சுருள். அதனை அடக்கி ஆள்வது தெர்மோஸ்டாட் என வழங்கும் வெப்பநிலைநிறுத்தி. இப்பெயரோடு ஒரு கருவியை அமைத்து 1830இல் உரிமை பெற்றவர் அந்திரேயு யூர் என்னும் இசுக்கொத்துலாந்து இரசாயன அறிஞர். உலோகங்கள் சூட்டால் ஒரே அளவாக நீள்வதில்லை என்பதே இதன் அடிப்படை. பல சூடாக்கிகளில் ஒரு பித்தளைக் குழல் நீரினுள் நிற்கும். அதனுள்ளே இன்வார் என்னும் கலப்புலோகக் கோல் இருக்கும். 1896இல் கில்லோம் என்பார் கண்ட இன்வார் சூட்டால் மிகச் சிறிதே நீளும். நீர் காயக் காயக் குழல் நீண்டு கோலை இழுக்க, மின்தொடுப்பு விலகுகின்றது. நீர் சில பாகை ஆறியதும் மீண்டும் பொருந்துகின்றது.

15 லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து 60 பாகைக்கு உயர்த்த ஏறத்தாழ 2,000 கிலோயூல் வெப்பம் வேண்டும். 2 கிலோவாற்றுச் சூடாக்கி இதனை 17 நிமிடங்களில் ஆற்றும். திருகியை மிக உயர்த்தி வைத்தால் நீர் விரைவிற் காயும் என்பது தவறு. காயும் விரைவு மாறாது. நிற்கும் இடமே மாறும்.

அவ்வாறாயின், குளிக்கும் சூடாகிய 38 பாகையிலேயே திருகியை நிறுத்திவிடலாமே எனின், அதுவும் தீது. இலெசியனெல்லா என்னும் நுண்ணுயிர் 20 முதல் 45 பாகை வரையுள்ள தேங்குநீரிற் பெருகுவது. அந்நீரின் நுண்துளிகளைச் சுவாசித்தோர்க்கு நுரையீரல் அழற்சி உண்டாகலாம். 1976இல் பிலடெல்பியா நகரில் முன்னாட் படைவீரர் மாநாட்டிற் பரவிய நோயால் அது உலகிற்குத் தெரியவந்தது. 60 பாகையில் அது மடியும். ஆனால் 60 பாகை நீர் வளர்ந்தோர் தோலையும் ஏறத்தாழ 5 வினாடியில் ஆழச் சுட்டுவிடும். சேமிக்கத் தகுந்த சூடு உடலுக்குத் தகாது. உடலுக்குத் தகுந்த சூடு சேமிக்கத் தகாது.

இம்முரணைத் தீர்க்கும் வழி நம் தாய்மொழியிலேயே உள்ளது. வெந்நீரொடு தண்ணீர் கலந்து பதப்படுத்துதலை விளாவுதல் என்பர் தமிழர். 60 பாகையிற் சேமித்து, விளாவிக் குளித்தலே முறை. வெந்நீர் 3 பங்கும் 28 பாகைத் தண்ணீர் 7 பங்கும் சேரின் 38 பாகைக்குச் சற்றுக் குறைந்த இதமான நீர் கிடைக்கும். வாளியில் தண்ணீரை முதலில் வார்த்து, வெந்நீரைப் பின்னர் வார்த்தல் வேண்டும். நன்கு கலக்கி முழங்கையால் தொட்டறிந்த பின்னரே குழந்தையை நீராட்டுக.

நீரைச் சேமியாது, ஓடும்போதே காய்ச்சும் சூடாக்கிகளும் உள. அவற்றிற் பலவற்றில் ஓட்டமே பதத்தை ஆள்கின்றது. 3.5 கிலோவாற்றுக் கருவியில் நிமிடத்திற்கு 3 லீற்றர் ஓடின் நீர் 45 பாகை அளவில் வெளிவரும். 2 லீற்றராயின் 53 பாகையை எட்டும். சூடு மிகுந்தால் நீரைக் குறைப்பது பேதைமை. ஓட்டத்தைக் கூட்டுவதே அறிவு.

வெப்பநிலைநிறுத்தி பழுதுறினும் காக்கவே மிகைவெப்பத் துண்டிப்பானும் அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் அமைந்துள்ளன. அடிக்கடி மின் நின்றுவிடுகின்றதென்று துண்டிப்பானைக் கம்பியால் இணைத்து விடுதலும், ஒழுகுகின்றதென்று வால்வை அடைத்தலும் பெருங்கேட்டிற்கு வித்தாகும். கிணற்று நீர் வன்னீராயின் சுருளின்மேல் சுண்ணப் படிவு ஏறும்; அதனைக் காலந்தோறும் நீக்குவிக்க. புவித்தொடுப்பும் டிரிப் சுவிச்சும் இல்லாத வீட்டில் இக்கருவியைப் பொருத்தற்க. சேமிப்புச் சூடாக்கியாயின், நீராடப் புகுமுன் ஆளியை அணைத்தல் நன்று.

கருவி சூட்டை நிறுத்தும். பதத்தை அறிய வேண்டியவர் நாமே. அன்னையர் விரலால் அறிந்த அப்பழைய பதம், அளவறிந்து ஆளும் பிள்ளைகளிடத்தும் நிலைபெறுக.