சோம்பல் பரம்பரைச் சொத்தா?

ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் விடியுமுன் பந்தும் கையுமாகப் புறப்பட்டுவிடுகிறான். இளையவனைத் திண்ணையிலிருந்து கிளப்புவதே பெரும்பாடு. "அவனுக்குத் தாய்வழி உடம்பு, அப்படித்தான் இருப்பான்" என்று எங்கள் செக்காலையில் யாராவது ஒரு பெரியவர் தீர்ப்புச் சொல்லிவிடுவார். உங்கள் ஊரிலும் இதைக் கேட்டிருப்பீர்கள். இத்தீர்ப்பில் உண்மை உண்டா?

ஓரளவு உண்டு. அதைக் கண்டறிய இரட்டையர்கள் உதவினார்கள். ஒரே கரு பிரிந்து பிறந்த இரட்டையருக்கு ஜீன்கள் ஏறக்குறைய முற்றிலும் ஒன்றே. இரு கருக்களாக உருவான இரட்டையரோ மற்ற உடன்பிறப்புகளைப் போன்றவர்கள்தாம். இரு வகையினரும் ஒரே வீட்டில், ஒரே உலைச்சோறு உண்டு வளர்கிறவர்கள். ஆகவே உடற்பயிற்சிப் பழக்கத்தில் முதல் வகையினர் கூடுதலாக ஒத்திருந்தால், அந்தக் கூடுதல் ஜீன்களால் வந்தது என்று கொள்ளலாம். 2006-இல் வெளியான ஆய்வொன்றில் ஆஸ்திரேலியாவையும் ஆறு ஐரோப்பிய நாடுகளையும் சேர்ந்த 37,051 இரட்டையர் இணைகள் இடம்பெற்றனர். உடற்பயிற்சியில் ஆளுக்கு ஆள் காணப்பட்ட வேறுபாட்டில் ஜீன்களின் பங்கு பெரும்பாலும் 48 முதல் 71 விழுக்காடு. நார்வே ஆண்களிடம் மட்டும் 27.

இந்த எண்களைத்தான் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 60 விழுக்காடு என்றால், நீங்கள் நடக்கும் 10 அடிகளில் 6 அடி ஜீன் நடத்துவது என்று பொருளல்ல. இயற்பியல் ஆய்வுக்கூடத்திற்குச் சற்று வாருங்கள். 40 மாணவர்கள் ஆளுக்கொரு தனி ஊசலை ஆட்டி அலைவு நேரத்தை அளக்கிறார்கள். விடைகள் வேறுபடுகின்றன. நூலின் நீளம் வேறுபடுவது ஒரு காரணம். கடிகாரத்தை அழுத்தும் கை தடுமாறுவது இன்னொன்று. மின்னணுக் கருவியை வைத்துக் கைத்தடுமாற்றத்தை நீக்கிவிட்டால், மிஞ்சும் வேறுபாடு முழுவதும் நூலால் வந்ததாகிவிடும். நூல்களோ மாறவே இல்லை! ஜீன்களின் பங்கும் இத்தகையதே. சூழ்நிலை மாறினால் எண்ணும் மாறும்.

உரலும் அம்மியும் ஊருணித் தண்ணீரும் இருந்த காலத்தில், உடம்பு வளைய விருப்பமா என்று நம் பாட்டிமாரை யாரும் கேட்கவில்லை. விருப்பமில்லாதவரும் குடம் சுமந்தார். மோட்டாரும் மிக்சியும் இருசக்கர வண்டியும் வந்தபின், அசைவது பெரும்பாலும் அவரவர் விருப்பமாகிவிட்டது. அந்த விருப்பத்தில்தான் ஜீன் தலைகாட்டுகிறது.

அமெரிக்காவின் மிசௌரி பல்கலைக்கழகத்தார் சக்கரத்தில் விரும்பி ஓடும் எலிகளைத் தனியாகவும், ஓடாத எலிகளைத் தனியாகவும் பத்துத் தலைமுறை இனப்பெருக்கம் செய்தார்கள். முதல் வகை மற்றதைப் போல் பத்து மடங்கு ஓடியது. 2013-இல் அவர்கள் அறிவித்த செய்தி சுவையானது: தசைகளில் பெரிய வேறுபாடு இல்லை; மூளையின் ஒரு பகுதியில் செயல்படும் ஜீன்களில்தான் குறிப்பிடத்தக்க வேறுபாடுகள் தென்பட்டன. கால் அல்ல, ஓடும் ஆசையே வேறுபட்டது எனலாம்.

மனிதரிடம் இதற்கென ஒற்றை 'சோம்பல் ஜீன்' கிடையாது. ஏழு லட்சம் பேரை ஆராய்ந்து 2022-இல் வெளியான ஆய்வு, நம் ஜீன் தொகுதியில் தொடர்புள்ள 99 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் செல்வாக்கும் மிகச் சிறிது. இதை வைத்துக்கொண்டு 'அந்தக் குலமே சோம்பேறி' என்று பேசுவோருக்கு விஞ்ஞானத்தில் இடமில்லை. ஒரு கூட்டத்துக்குள் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டை அளந்த எண், இரு கூட்டங்களுக்கு இடையே எதையும் சொல்லாது.

நம் நாட்டுக்கு வருவோம். தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்க்கண்ட், சண்டிகர் ஆகிய பகுதிகளில் 14,227 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பு 2014-இல் வெளியாயிற்று. அவர்களில் 54.4 விழுக்காட்டினர் போதிய உடலியக்கம் இல்லாதவர்கள். கிராமங்களில் 50, நகரங்களில் 65. கிராமத்திலிருந்து பஸ் ஏறி நகரத்தில் இறங்குபவரின் ஜீன் வழியில் மாறிவிடுவதில்லை!

சென்னை மக்களிடையே நடத்தி 2016-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. எஃப்டிஓ என்னும் ஜீனின் ஒரு வடிவம் உடற்பருமனுக்குத் துணைபோவது. உடலியக்கம் இல்லாதவர்களிடையே அவ்வடிவம் உள்ளோருக்கு, அது இல்லாதோரைவிடப் பருமனாகும் வாய்ப்பு ஏறக்குறைய 1.9 மடங்கு இருந்தது. திண்ணைப் பிள்ளைக்கு அந்த ஜீன் இருக்கிறதா என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. மாலையில் அவனை எங்கே அனுப்புவது என்பது மட்டும் வீட்டார் கையில் இருக்கிறது.