வானம் பார்த்த சமவெளி – 9: கோதுமைக்கு வியர்த்தால்

சென்ற வாரம் கனடாவின் பிரெய்ரிச் சமவெளியில், பாலிசர் முக்கோணம் என்ற பகுதியில் நிறுத்தியிருந்தோம். 1857-ல் தொடங்கிய பயணத்தில் ஜான் பாலிசர் அந்த நிலத்தைப் பார்த்ததும், உழவுக்கு ஆகாத வறண்ட பூமி என்று எழுதிவிட்டுப் போனதும் தொடர்ந்து படிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரத்தை மாடுகளுக்கு என்று ஒதுக்கியிருந்தேன். மாடுகள் வரும். அதற்கு முன் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான்கு நாளாக அது என்னை வேறு எதையும் எழுதவிடவில்லை.

கனடாவின் பிரெய்ரி வயல்கள், தங்கள் தலைக்கு மேல் இடிக்கும் கோடை மழையில் ஒரு பங்கைத் தாங்களே உண்டாக்குகின்றன.

முதலில் கணக்கு. ஜூலை மாதம் அங்கே பயிர் முழு உயரத்தில் நிற்கும். சஸ்காச்சுவான் மாகாணத்தின் சாஸ்கட்டூன் நகரில் ஜூன் கடைசியில் பகல் மட்டும் பதினாறே முக்கால் மணி நேரம். சூரியன் இறங்கவே ஒன்பதரை மணி ஆகிவிடும். அவ்வளவு வெயிலில் இலை கருகாமல் இருக்க முக்கியமான வழி இது: வேர் உறிஞ்சிய தண்ணீரை இலைத்துளைகள் வழியே ஆவியாக விட்டு உடம்பைக் குளிர்வித்துக்கொள்ள வேண்டும். பாடப்புத்தகம் இதை நீராவிப்போக்கு என்கிறது. வியர்வை என்றே வைத்துக்கொள்வோம். உச்சத்தில் இருக்கும் கோதுமையோ, கனோலா என்ற எண்ணெய்வித்துப் பயிரோ வெயில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர் தண்ணீரை இப்படி வெளியே விடும்.

7 மில்லிமீட்டர் என்றால் அற்பமாகத் தெரியும். பிரெய்ரி விவசாயி நிலத்தை எண்ணுவது ‘குவார்ட்டர்’ கணக்கில். ஒரு குவார்ட்டர் 160 ஏக்கர். சதுர மீட்டருக்கு 7 லிட்டர் என்று பெருக்கிப் பாருங்கள். ஒரே நாளில், ஒரே குவார்ட்டரிலிருந்து, 45 லட்சம் லிட்டர் தண்ணீர் வானத்துக்குப் போகிறது. 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரியில் நிரப்பினால் சுமார் 375 லாரி. சத்தமில்லை, குழாயில்லை, மோட்டார் இல்லை. அடுத்த குவார்ட்டரிலும் அதுதான் நடக்கிறது. அதற்கடுத்ததிலும் அதேதான். இப்படி மானிட்டோபா மாகாணத்திலிருந்து ஆல்பர்ட்டா மாகாணத்தின் மலையடிவாரம் வரை பச்சையாக நிற்கும் எல்லா வயலிலும்.

போன ஆவி என்ன ஆகிறது? காற்றில் ஈரம் கூடுகிறது. பிற்பகல் வெக்கையில் அந்த ஈரக்காற்று மேலே ஏறுகிறது. உயரே குளிர்ந்து மீண்டும் துளியாகும்போது, ஆவியாக மாறுவதற்காக இலையிடம் வாங்கிய வெப்பத்தை அங்கே விட்டுவிடுகிறது. அந்த வெப்பம் மேகத்தை இன்னும் மேலே தள்ளுகிறது. இடிமேகத்துக்கு எரிபொருள் இதுதான். தெற்கே மெக்சிகோ வளைகுடாவிலிருந்து வரும் ஈரம், மலையோரக் காற்று, மேலடுக்கில் குளிர்காற்று என்று வேறு காரணங்களும் சேர வேண்டும். வயல் தனியாக மழையைக் கொண்டுவந்துவிடாது. ஆனால் மற்றதெல்லாம் கூடிவந்த நாளில், கடைசிப் பங்கை வயல் போடுகிறது.

வின்னிபெக்கைச் சேர்ந்த ராட்டாட்ஸ் என்ற வானிலை ஆய்வாளர் 1990களின் இறுதியில் இதை ஆராய்ந்து எழுதினார். ஏர் விழுவதற்கு முன் அங்கே இருந்த புல்வெளியையும் இன்றைய பயிர்நிலத்தையும் அவர் ஒப்பிட்டார். புல் வசந்தத்திலேயே விழித்துக்கொள்ளும், இலையுதிர்காலம் வரை கொஞ்சம் கொஞ்சமாக ஆவி விடும். கோதுமை அப்படியில்லை. மே மாதம் வெறும் மண், ஜூலையில் வெள்ளமாக வியர்வை, ஆகஸ்ட் கடைசியில் காய்ந்த தாள். புல்லைப் பெயர்த்துவிட்டுக் கோதுமையை நட்டபோது மனிதர்கள் வானத்தின் அட்டவணையையும் சேர்த்து மாற்றினார்கள். நடுக்கோடையில் இடிமழைக்கான வாய்ப்பு கூடியது. அதற்கு முன்னும் பின்னும் குறைந்தது.

இந்தத் தொடருக்கு ‘வானம் பார்த்த சமவெளி’ என்று பெயர் வைத்தபோது, பூமி கையேந்தி நிற்கிறது, கொடுப்பது வானம் என்றுதான் நினைத்திருந்தேன். எட்டு வாரமும் அப்படித்தான் எழுதினேன். வானமும் பூமியைப் பார்த்துத்தான் நிற்கிறது என்பது இந்த வாரம்தான் எனக்குப் பிடிபட்டது.

கொடுத்தது எப்படித் திரும்பி வரும் என்பதில்தான் விவசாயியின் பாடு இருக்கிறது. நல்ல மழையாக வரலாம். ஆலங்கட்டியாகவும் வரலாம். பயிர் செழித்த வருடத்தில், அந்தச் செழிப்பே ஏற்றிவிட்ட ஈரம், அதே பயிரின் மேல் பனிக்கல்லாக இறங்குவதும் உண்டு. கனோலா இளசாக இருக்கும்போது அடிபட்டால் பக்கக்கிளை விட்டுத் தேறிக்கொள்ளும். கதிர் வந்த கோதுமைத்தண்டு ஒடிந்தால் ஒடிந்ததுதான். பத்து நிமிட மழை ஒரு வருட உழைப்பைத் தரையோடு தரையாக்கிவிடும். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு இலைகூடக் கிழிந்திருக்காது. சஸ்காச்சுவானில் கிராம நிர்வாகங்கள் சேர்ந்து 1917-லேயே ஆலங்கட்டிக்கென்று தனிக் காப்பீட்டுச் சங்கம் அமைத்ததற்குக் காரணம் இதுதான்.

கனடாவில் எடைபோட்ட ஆலங்கட்டிகளில் மிகப் பெரியது 2022 ஆகஸ்ட் 1 அன்று ஆல்பர்ட்டாவின் மார்க்கர்வில் பக்கம் விழுந்தது. குறுக்களவு 123 மில்லிமீட்டர், எடை 292.71 கிராம். அதற்கு முந்தைய சாதனை 1973-ல் சஸ்காச்சுவானின் செடூ ஊரில் விழுந்த 290 கிராம் கல். அரை நூற்றாண்டு நின்ற சாதனை மூன்று கிராமுக்கும் குறைவான வித்தியாசத்தில் உடைந்தது. செடூ இருப்பது வேபர்ன் நகரத்துக்குப் பக்கத்தில். 1937 ஜூலை 5 அன்று 45 டிகிரி கொதித்து, 2021 வரை கனடாவின் உச்ச வெப்பமாக நின்ற யெல்லோ கிராஸ், மிடேல் என்ற இரண்டு ஊர்களும் அதே வேபர்ன் சுற்றுவட்டாரம்தான். நாட்டையே மிஞ்சிய வெயிலும் நாட்டையே மிஞ்சிய பனிக்கட்டியும் ஒரே வட்டாரத்து வயல்களில் இறங்கியிருக்கின்றன. பிரெய்ரிக் கோடை என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு இனி இந்த ஒரு வட்டாரத்தைக் காட்டினால் போதும்.

மார்க்கர்வில் என்று எழுதிய பிறகு ஸ்டெபான் ஸ்டெபான்சனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஐஸ்லாந்திலிருந்து குடியேறி, அந்த ஊர்ப் பக்கம் நிலம் திருத்தி விவசாயம் பார்த்தவர். பகல் முழுக்க வயல் வேலை. இரவில் தூக்கத்தை விட்டு ஐஸ்லாந்து மொழியில் கவிதை. தன் தொகுப்புக்கே உறக்கமற்ற இரவுகள் என்று பொருள்படும் பெயரை வைத்தார். 1927-ல் இறந்தார். அவர் வீட்டை ஆல்பர்ட்டா அரசு இன்றும் காத்துவருகிறது. அந்த உறக்கமின்மையில் பாதி கவிதைக்காக என்றால், மீதி ஜூலை மாத இடிச் சத்தத்துக்காகத்தான் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. அறுவடைக்கு நிற்கும் பயிரை வைத்துக்கொண்டு இடிச் சத்தத்தில் எந்த விவசாயி தூங்குவார்?

இனி மறுபக்கம். வேருக்குத் தண்ணீர் கிடைக்காவிட்டால் செடி இலைத்துளையை மூடிக்கொள்ளும். வியர்வை நிற்கும், இலை சூடேறும், உணவு தயாரிப்பும் நின்றுபோகும். பூத்திருக்கும் கனோலா 30 டிகிரியை நாள்கணக்கில் தாங்காது. பூ காயாகாமல் உதிரும். அதோடு முடிவதில்லை. வயல் வியர்க்காததால் காற்றுக்கும் ஈரம் போகாது. செடிகள் வாடிக் கிடந்த பெரும்பரப்புகளின் மேல் கோடை மின்னலே குறைந்துபோவதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. வறட்சி தன்னைத் தானே வளர்த்துக்கொள்கிறது. 2021 கோடையில் உயரழுத்தக் காற்று மேற்குக் கனடாவின் மேல் மூடிபோட்டு உட்கார்ந்தபோது, கீழிருந்து எதிர்த்துத் தள்ள வயல்களில் ஈரமில்லை. அந்த ஆண்டு கனடாவின் கோதுமை விளைச்சல் முந்தைய ஆண்டைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. மசூர் பருப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல் சரிந்தது.

மசூர் என்றதும் நம் அடுப்படி நினைவுக்கு வரும். கடையில் மைசூர் பருப்பு என்று வாங்குவதும், இலங்கையில் வெறுமனே பருப்பு என்றால் குறிப்பதும் இந்தச் செம்பருப்பைத்தான். அதை உலகுக்கு மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடுகளில் ஒன்று கனடா. அங்கே விளைவதில் பெரும்பகுதி சஸ்காச்சுவானில் மட்டும். 1972-ல் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்துக்கு வந்த அல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் வல்லுநர் இதற்கு வழிதிறந்தார். இந்தச் செடியின் குணம் விசித்திரமானது. ஜூன் மழை வேண்டும். ஆகஸ்டில் மண் காய வேண்டும். கடைசியில் கொஞ்சம் தாகம் எடுத்தால்தான் பூப்பதை நிறுத்திக் காயை முற்றவிடும். ஆகஸ்டிலும் மழை தொடர்ந்தால் இலை இலையாகத் தழைக்கும், நோய் பிடிக்கும், பருப்பு குறையும். பக்கத்துக் கோதுமைக்காரர் வேண்டிக்கொள்ளும் மழையை மசூர்க்காரர் வேண்டாம் என்பார். இருவருக்கும் மேலே இருப்பது ஒரே மேகம். நல்ல மழை என்று ஒன்று கிடையாது. நல்ல தேதியில் பெய்த மழை என்றுதான் உண்டு.

மாடுகளுக்கு வருகிறேன். பிரெய்ரி மாடு பெரும்பாலும் இறைச்சிக்காக வளர்ப்பது. கறுப்பு ஆங்கஸ் அதிகம். மைனஸ் நாற்பது டிகிரி குளிரை அது தாங்கும். முப்பத்தைந்து டிகிரி வெயிலில் தவிக்கும். கறுப்புத் தோல் வெயிலை வாங்குகிறது. தின்ற தீவனம் இரைப்பையில் புளிக்கும்போது உள்ளிருந்தும் சூடு வருகிறது. கோதுமைக்கு இருக்கும் வசதி மாட்டுக்கு இல்லை. மாட்டுக்கு மனிதனைவிட மிகக் குறைவாகத்தான் வியர்க்கும். வாயைத் திறந்து மூச்சிரைத்துச் சூட்டை வெளியேற்ற வேண்டும். பகலில் சேர்ந்த சூட்டை இரவுக் குளிரில் இறக்கிவைக்கும். பிரெய்ரியில் இரவு குளிரும் என்பதுதான் அதன் உயிர்க்காப்பு. காற்றில் ஈரம் கூடினால் இரவு குளிராது. அந்த ஈரத்தில் சுற்றுப்பட்டு வயல்கள் விட்ட ஆவியும் இருக்கும்.

அடுத்தது, மாடு தண்ணீர் குடிக்கும் குட்டை. அங்கே மேய்ச்சல் நிலத்தில் ஆழமாகக் குழி தோண்டி, பனி உருகிய தண்ணீரைத் தேக்கிவைப்பார்கள். கோடை முழுக்க மாட்டுக்கு அதுதான் குடிநீர். வெயில் ஏறினால் மாடு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு குடிக்கும். குட்டையும் ஆவியாகும். இங்கேதான் வயலுக்கும் குட்டைக்கும் கணக்கு வேறாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும். அந்த மண்ணில் இயற்கையாகவே உள்ள சல்பேட் உப்பு குட்டையிலேயே தங்கிவிடும். தண்ணீர் பாதியானால் உப்பின் செறிவு இரண்டு மடங்கு.

2017 ஜூலையில் சஸ்காச்சுவானின் ஷாம்ராக் ஊர் அருகே ஒரு மேய்ச்சல் நிலத்தில் சுமார் 200 மாடுகள் செத்துக் கிடந்தன. குட்டையில் தண்ணீர் இருந்தது. ஆனால் வறட்சியில் உப்பு ஏறிய தண்ணீர் அது. சல்பேட் மிகுந்தால் மாட்டின் இரைப்பையில் நச்சு வாயுவாகும். மூளை கெட்டு, கண் தெரியாமல் தள்ளாடும். குடித்தாலும் தாகம் தீராது, குடிக்காமலும் இருக்க முடியாது. கண்ணுக்கு எதிரே தண்ணீரை வைத்துக்கொண்டு இருநூறு உயிர்கள் போன கோடை அது. அதைப் படித்த இரவு என்னால் வேறெதையும் தொட முடியவில்லை.

இதைத் தவிர்க்க முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்க்கும் சின்னக் கருவி போதும். உப்பு எவ்வளவு என்று சில நிமிடத்தில் தெரியும். சஸ்காச்சுவான் விவசாயத் துறை அலுவலகங்களில் மாட்டுத் தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் காசு வாங்காமல் சோதித்துச் சொல்கிறார்கள்.

வெயிலில் வாடிய ஓட்ஸ் தீவனம் எப்படி நஞ்சாகிறது, குட்டையில் படரும் நீலப்பச்சைப் பாசி என்ன செய்கிறது, 2002 வறட்சியில் கிழக்குக் கனடா விவசாயிகள் முகம் தெரியாத மேற்கத்திய மாடுகளுக்கு வைக்கோல் அனுப்பியது, பத்து வருடம் கழித்து மேற்கு அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்தது எல்லாம் அடுத்த வாரம்.

மாடு வைத்திருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கோடையில் குட்டையிலோ கிணற்றிலோ தண்ணீர் இறங்கினால் அளவு குறைந்ததை மட்டும் பார்க்காதீர்கள். மிச்சமிருக்கும் தண்ணீரில் உப்பு கூடியிருக்கலாம். மாடு இறங்குவதற்கு முன் அதைச் சோதித்துவிடுங்கள்.