கண்காட்சி முடிந்த பிறகும் பேசும் கையெழுத்து இதழ்

பள்ளி ஓவியக் கண்காட்சி நமக்குப் பழகிய ஒன்றுதான். மண்டபத்தில் பலகைகள் வரிசையாக நிற்கும். பெற்றோர் வருவார்கள், கைப்பேசியில் படம் பிடிப்பார்கள். இரண்டு நாள் கழித்து ஓவியங்கள் சுருட்டப்பட்டு அலமாரிக்குள் போய்விடும். யார் வரைந்தார், எதை நினைத்து வரைந்தார் என்பது அடுத்த தவணைக்குள் மறந்துபோகும்.

தங்கா பத்து வட்டார மாணவர்களே, இந்த மறதிக்கு எளிய மருந்து உண்டு. ஒரு மாஜோங் தாள், சில பேனாக்கள், ஐந்து நண்பர்கள். இவற்றைக் கொண்டு கண்காட்சியைப் பற்றி நீங்களே கையால் எழுதும் செய்தித்தாள் ஒன்றைக் கொண்டு வரலாம்.

கையெழுத்து இதழை வெறும் விளையாட்டு என்று எண்ண வேண்டாம். மு. கருணாநிதி திருவாரூரில் பள்ளி மாணவராக இருந்தபோது 'மாணவ நேசன்' என்ற கையெழுத்து ஏட்டை நடத்தினார். சென்னை திருவல்லிக்கேணியில் 1927-ஆம் ஆண்டு தொடங்கிய 'முசல்மான்' உருது நாளிதழின் பக்கங்களை எழுத்தர்கள் கையாலேயே எழுதி அச்சுக்கு அனுப்பி வந்தனர்.

மாணவர் இதழும் மாணவர் ஓவியமும் அருகருகே பிறந்த ஊர் ஒன்றும் உண்டு. அது செக் நாட்டின் தெரெசின். இரண்டாம் உலகப் போரின்போது நாஜிகள் யூதக் குடும்பங்களை அங்கே அடைத்து வைத்தனர். 1942 டிசம்பரில் அங்கிருந்த சிறுவர்கள் 'வெடெம்' என்ற வார இதழைத் தொடங்கினர். இதழை நடத்திய பெத்ர் கின்ஸுக்கு அப்போது வயது 14. தொடக்க இதழ்களைத் தட்டச்சு செய்தார்கள். பிறகு கையால் எழுதினார்கள். இதழுக்கு ஒரே பிரதிதான். வெள்ளிக்கிழமை மாலையில் எல்லாரும் கூடி உட்கார, அதை உரக்கப் படிப்பார்கள். பெத்ர் ரொட்டி சுடும் இடம், தீயணைப்பு நிலையம் என்று நேரில் போய்க் கேட்டு வந்து எழுதினான்.

அதே ஊரில் ஃப்ரீடல் டிக்கர்-பிராண்டைஸ் என்ற ஓவிய ஆசிரியை, கிடைத்த தாள்களில் பிள்ளைகளை வரையச் சொன்னார். வரைந்ததில் பெயர் எழுதவும் பழக்கினார். 1943-இல் அந்த ஓவியங்களைக் காட்சிக்கும் வைத்தார். 1944-இல் பெத்ரும் ஆசிரியையும் ஆஷ்விட்ஸ் முகாமில் கொல்லப்பட்டனர். ஆனால் இதழின் ஏறக்குறைய 800 பக்கங்கள் தப்பின. இரண்டு பெட்டிகளில் அவர் விட்டுச் சென்ற சுமார் 4,500 ஓவியங்களும் தப்பின. அந்தப் பிள்ளைகளில் பலர் உயிரோடு திரும்பவில்லை. ஓவியத்தின் மூலையில் எழுதிய பெயரால்தான் இன்று அவர்களை அறிகிறோம்.

நம் பள்ளியில் அப்படிப்பட்ட துயரம் இல்லை. ஆயினும் அவர்களிடம் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது: நேரில் போய்க் கேளுங்கள், பெயரைப் பதிவு செய்யுங்கள்.

முதலில் வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒருவர் இதழாசிரியர், இருவர் செய்தியாளர், அழகாக எழுதுபவர் ஒருவர், படம் வரைபவர் ஒருவர். பென்சிலால் பத்திகளைக் கோடிட்டுப் பிரியுங்கள். செய்தியை முதலில் பயிற்சி ஏட்டில் எழுதி, இடத்துக்குத் தகுந்தபடி சுருக்குங்கள். பேனாவால் எழுதியதை அழிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு வாக்கியத்தையும் இருமுறை யோசிப்பீர்கள். 'முசல்மான்' இதழில் கடைசி நேரச் செய்திக்காக முதல் பக்கத்தில் ஒரு மூலையை விட்டு வைப்பார்களாம். நீங்களும் ஒரு கட்டத்தைக் காலியாக விடுங்கள்.

"கண்காட்சி சிறப்பாக நடைபெற்றது" என்று எழுதினால் அது செய்தி ஆகாது. ஒரு மாணவி பால்மரத்தை வரைந்திருக்கிறாள். மரத்தடியில் மங்கு கவிழ்ந்து கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "ஏன் கவிழ்த்து வரைந்தாய்?" என்று கேளுங்கள். "அன்றைக்கு மழை. மழை பெய்தால் பாட்டிக்கு வேலை இல்லை, சம்பளமும் இல்லை" என்று அவள் சொல்லக்கூடும். அதுதான் செய்தி. கைப்பேசிப் படத்தில் மங்கு தெரியும். பாட்டியின் சம்பளம் தெரியாது.

பரிசு பெற்றவரை மட்டும் பேட்டி எடுக்காதீர்கள். பலகைகளைத் தூக்கி வைத்தவரையும், ஓவியம் தேர்வாகாமல் போனவரையும் கேளுங்கள். உங்களுக்குப் பிடிக்காத ஓவியம் இருந்தால், ஏன் பிடிக்கவில்லை என்பதை மரியாதையோடு எழுதுங்கள். பங்கேற்ற ஒவ்வொருவர் பெயரையும் எழுத்துப்பிழை இல்லாமல், படிவத்தோடு சேர்த்துப் போடுங்கள்.

இதழ் தயாரானதும் சபைகூடலில் ஒரு பகுதியை வாசியுங்கள். படம் பிடித்துப் புலனத்தில் பகிரலாம். மூலப் பிரதியைத் தேதியிட்டுப் பள்ளி நூலகத்தில் ஒப்படையுங்கள். சில ஆண்டுகள் கழித்து வரும் மாணவர் அதை விரித்துப் பார்க்கும்போது, இந்த ஆண்டு நீங்கள் என்ன வரைந்தீர்கள், எதற்குக் கவலைப்பட்டீர்கள் என்பதை உங்கள் கையெழுத்திலேயே படிப்பார்.

அடுத்த கண்காட்சிக்குத் தேதி குறித்தாயிற்றா? மாஜோங் தாளை இப்போதே வாங்கி வையுங்கள்.