இரவு விருந்துக்குப் போன இரு நிருபர்கள்

2017-ம் வருஷம் டிசம்பர் மாதம் 12-ந் தேதி, செவ்வாய்க்கிழமை. பொழுது சாய்ந்துவிட்டது. ரங்கூன் நகரத்தின் வடகோடியில் உள்ள ஓர் உணவு விடுதிக்கு இரண்டு இளைஞர்கள் போனார்கள். இருவரும் ராய்ட்டர் செய்தி ஸ்தாபனத்தின் நிருபர்கள். ஒருவர் பெயர் வா லோன். மற்றவர் சோ சோ ஊ. போலீஸ்காரர்கள் சிலர் அவர்களை இரவுச் சாப்பாட்டுக்கு வரும்படி அழைத்திருந்தார்கள். போலீஸார் விருந்துக்கு அழைத்தால் போகாத நிருபர் எந்த ஊரில் இருக்கிறார்?

விடுதியில் சிறிது நேரம் பேச்சு நடந்தது. புறப்படும் சமயத்தில் சுருட்டிய காகிதங்கள் சில அவர்கள் கையில் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பிரித்துப் படிக்கக்கூட அவகாசம் கிடைக்கவில்லை. வாசலைத் தாண்டியதும் வேறு போலீஸார் சூழ்ந்துகொண்டு, “கையில் என்ன?” என்று கேட்டார்கள். இரண்டு பேர் கைகளிலும் விலங்கு ஏறியது.

சாப்பிடப் போனவர்கள் வீடு திரும்ப 511 நாட்கள் ஆயின.

பத்து பேர் மண்டியிட்ட படம்

அந்தக் காகிதத்தில் என்ன இருந்தது என்பதைக் காட்டிலும், அந்த இருவரின் பையில் அதற்கு முன்பே என்ன இருந்தது என்பதுதான் முக்கியம்.

பர்மாவின் மேற்கே, வங்கக் கடலோரத்தில் ரக்கைன் மாகாணம் இருக்கிறது. அங்கே 2017 ஆகஸ்டு 25-ந் தேதி ரோஹிங்யா தீவிரவாதிகள் போலீஸ் காவல் நிலையங்களைத் தாக்கினார்கள். அதற்குப் பதிலடி என்று ராணுவம் புறப்பட்டது. தாக்கியவர்களைத் தேடிப் பிடிப்பதோடு அது நிற்கவில்லை. ஊர் ஊராக வீடுகள் எரிந்தன. ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்யா முஸ்லிம்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வங்கதேசத்துக்கு ஓடினார்கள்.

இன் டின் என்பது அந்தக் கடற்கரையில் உள்ள ஒரு கிராமம். அங்கே செப்டம்பர் 2-ந் தேதி பத்து ரோஹிங்யா ஆண்கள் கொல்லப்பட்டு ஒரே குழியில் புதைக்கப்பட்டார்கள். அவர்களில் மீன் பிடிப்பவர்கள் உண்டு. கடை வைத்துப் பிழைத்தவர்கள் உண்டு. மத போதனை செய்த ஆசிரியர் ஒருவர் உண்டு. பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த பையன்கள் இருவரும் உண்டு. சிலரை அக்கம்பக்கத்துக் கிராமத்தார் வெட்டினார்கள். மற்றவர்களைத் துருப்புகள் சுட்டுக் கொன்றன.

இதை எழுதுவது எளிது. நிரூபிப்பதுதான் கஷ்டம். வா லோனும் சோ சோ ஊவும் நிரூபித்தார்கள். சாவதற்கு முன் அந்தப் பத்து பேரும் கைகள் பின்னால் கட்டப்பட்டு வரிசையாக மண்டியிட்டிருக்கும் படம் அவர்களுக்குக் கிடைத்தது. செத்துக் குழியில் கிடக்கும் படமும் கிடைத்தது. கொடுத்தவர் யார்? தப்பியோடிய ரோஹிங்யா அல்ல. அதே ஊரைச் சேர்ந்த பௌத்தப் பெரியவர் ஒருவர். தம் ஊரில் நடந்தது ஒளிவு மறைவில்லாமல் வெளிவர வேண்டும், இனி இப்படி நடக்கக் கூடாது என்று அவர் நினைத்தார். அந்தப் படங்களைக் கொண்டுபோன சோ சோ ஊவும் ரக்கைன் பௌத்தர்தான் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

விருந்துக்கு அழைப்பு வந்தது இந்தச் சமயத்தில்தான்.

நாம் அறிந்த பழைய சட்டம்

இருவர்மீதும் சாட்டப்பட்ட குற்றம், அரசாங்க ரகசியச் சட்டத்தை மீறினார்கள் என்பது. தண்டனை பதினாலு வருஷம் வரை போகலாம். இந்தச் சட்டம் பிறந்த வருஷம் 1923. அதை இயற்றியவர்கள் பர்மியர்கள் அல்ல. பர்மா அப்போது பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். 1937-ல்தான் தனியாகப் பிரிந்தது. டில்லியில் வெள்ளைக்காரர்கள் போட்ட சட்டமே ரங்கூனுக்கும் போயிற்று. எஜமானர்கள் கப்பலேறிப் போன பிறகும் சட்டம் மட்டும் கப்பலேறவில்லை. நம் நாட்டிலும் அது இன்னும் புத்தகத்தில் இருக்கிறது.

ரங்கூன் நம்மவர்களுக்குப் புதிய ஊர் அல்ல. செட்டிநாட்டு வீடுகளின் தேக்கு மரத் தூண்களைக் கேட்டால் அந்த ஊர்க் கதையைச் சொல்லும். பர்மாச் சிறைகளும் நமக்குப் புதியவை அல்ல. ‘கேசரி’யில் எழுதியதற்காக 1908-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்ட லோகமான்ய திலகர் ஆறு வருஷம் அடைபட்டுக் கிடந்தது மாந்தலே சிறையில்தான். அவரை அனுப்பியவன் அந்நியன். வா லோனையும் சோ சோ ஊவையும் இன்ஸீன் சிறைக்கு அனுப்பியதோ சொந்த நாட்டுச் சர்க்கார். அதுவும் ஓட்டுப் போட்டு வந்த சர்க்கார்.

கோர்ட்டில் நடந்த கூத்து

கைதான பிறகு இரண்டு வார காலம் அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பதே வீட்டாருக்குத் தெரியாது. தூங்கவிடாமல் விசாரித்தார்கள், தலையில் உறையை மாட்டினார்கள், மணிக்கணக்கில் மண்டியிட வைத்தார்கள் என்று பின்னால் கோர்ட்டில் அவர்கள் வாக்குமூலம் கொடுத்தார்கள். ஜாமீன் மறுக்கப்பட்டது.

விசாரணையில் சர்க்கார் தரப்புச் சாட்சிகள் ஒவ்வொருவராக வந்தார்கள். நிருபர்களை வழியில் நிறுத்திச் சோதனை போட்டபோது காகிதங்கள் அகப்பட்டன என்பது போலீஸாரின் கதை. ஒரு போலீஸ் அதிகாரியிடம், அன்று எழுதிய குறிப்பு எங்கே என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். எரித்துவிட்டதாக அவர் சொன்னார். இன்னொரு சாட்சியின் உள்ளங்கையில் ஏதோ எழுதியிருந்தது. பார்த்தால், கைது நடந்ததாகப் போலீஸார் சொல்லும் இடத்தின் விலாசம்! எதற்கு எழுதினீர் என்று கேட்டதற்கு, தமக்கு ஞாபக மறதி உண்டு என்று பதில் வந்தது. பரீட்சைக்குப் போகும் பையன்கள் கையில் எழுதிக்கொண்டு போவதுண்டு. சாட்சி சொல்லப் போகிறவர் எழுதிக்கொண்டு போனது இங்கேதான்.

ரகசியம் என்று சொல்லப்பட்ட காகிதங்களில் இருந்த விஷயங்கள் முன்பே பத்திரிகைகளில் வெளிவந்தவை என்பதையும் வக்கீல்கள் எடுத்துக் காட்டினார்கள். ஊரறிந்த செய்தியைக் கையில் வைத்திருந்ததற்குப் பதினாலு வருஷமா என்ற கேள்வி எழுந்தது.

கூண்டில் ஏறிய கேப்டன்

2018 ஏப்ரல் 20-ந் தேதி, சர்க்கார் தரப்புச் சாட்சியாகவே மோ யான் நைங் என்ற போலீஸ் கேப்டன் கூண்டில் ஏறினார். அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டுக் கோர்ட்டே திகைத்தது.

வா லோனைச் சிக்க வைக்க வேண்டும் என்று மேலதிகாரி ஒருவர் உத்தரவிட்டார் என்றும், ரகசியக் காகிதங்களை விருந்துக்கு வரவழைத்துக் கொடுத்து, வெளியே வந்ததும் பிடிப்பதுதான் ஏற்பாடு என்றும், இதைச் செய்யாவிட்டால் நீங்கள் ஜெயிலுக்குப் போவீர்கள் என்று கீழே உள்ளவர்கள் மிரட்டப்பட்டார்கள் என்றும் அவர் சொன்னார். போலீஸ் தரப்பு இதை மறுத்தது. சாட்சி பிறழ்ந்துவிட்டார் என்று அறிவிக்கும்படி சர்க்கார் வக்கீல் கேட்டார். நீதிபதி இணங்கவில்லை.

ஆனால் கேப்டனுக்குக் கூலி உடனே கிடைத்தது. மறுநாளே அவருடைய மனைவி மக்கள் போலீஸ் குடியிருப்பு வீட்டைக் காலி செய்ய நேர்ந்தது. சில தினங்களில், போலீஸ் கட்டுப்பாட்டை மீறினார் என்று அவருக்கு ஒரு வருஷச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கூண்டில் ஏறும்போது இதெல்லாம் வரும் என்று அவருக்குத் தெரியாதா? இருபது வருஷமோ முப்பது வருஷமோ சம்பளம், குடியிருக்க வீடு, பிள்ளைகளின் படிப்பு, இவை ஒரு பக்கம். இரண்டு இளைஞர்களின் நியாயம் மறு பக்கம். இரண்டில் எதைத் தூக்கிப் பிடிப்பது என்று அவர் ஒரு பொழுதில் தீர்மானித்துவிட்டார். நம்மில் எத்தனை பேர் அந்தத் தீர்மானத்துக்கு வருவோம் என்று யோசித்தால் நெஞ்சு கொஞ்சம் கனக்கிறது.

தீர்ப்பும் தராசும்

இத்தனைக்கும் பிறகு, 2018 செப்டம்பர் 3-ந் தேதி தீர்ப்பு வந்தது. ஆளுக்கு ஏழு வருஷச் சிறை. சாதாரணப் பத்திரிகைக்காரர்களைப் போல அவர்கள் நடந்துகொள்ளவில்லை என்பது நீதிபதியின் அபிப்பிராயம். இன் டின் கிராமத்தில் பத்து பேர் செத்து ஒரு வருஷமும் ஒரு நாளும் ஆகியிருந்தது. வா லோனுக்கு வயது 32. சோ சோ ஊவுக்கு 28. வா லோனின் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. சோ சோ ஊவுக்கும் ஒரு சிறு பெண் உண்டு.

இதற்கிடையே ராய்ட்டர் ஸ்தாபனம் சும்மா இருக்கவில்லை. 2018 பிப்ரவரி 8-ந் தேதி, படங்களோடு முழு விவரத்தையும் உலகத்துக்கு வெளியிட்டுவிட்டது. பத்து பேர் கொல்லப்பட்டதை ராணுவமே ஜனவரியில் ஒப்புக்கொண்டிருந்தது. செத்தவர்களைப் பயங்கரவாதிகள் என்று மட்டும் அது சொல்லிற்று. ஏழு சிப்பாய்களுக்குப் பத்து வருஷக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அந்த மட்டும் நியாயம் நடந்தது என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். அதே வருஷம் நவம்பரிலேயே அந்த ஏழு பேரும் விடுதலையாகிவிட்டார்கள். கொன்றவர்கள் இருந்தது ஒரு வருஷம்கூட இல்லை. கொலையைக் கண்டுபிடித்தவர்கள் இருந்தது பதினாறு மாதத்துக்கும் மேலே. இந்தத் தராசை வாசகர்களே பார்த்துக்கொள்ளலாம்.

அன்னை சொன்ன பதில்

அப்போது பர்மாவின் சர்க்காரை நடத்தியவர் ஆங் சான் சூ கி அம்மையார். 1989 முதல் 2010 வரை ஏறக்குறைய பதினைந்து வருஷம் காவலில் இருந்தவர். நோபல் சமாதானப் பரிசு பெற்றவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் கதவு திறக்கும் என்று உலகம் எதிர்பார்த்தது. ஹனாய் நகரில் கேட்டபோது அவர் சொன்ன பதில்: பத்திரிகைக்காரர்கள் என்பதற்காக அவர்கள் சிறையில் இல்லை, ரகசியச் சட்டத்தை மீறியதற்காகவே இருக்கிறார்கள், வேண்டுமானால் அப்பீல் செய்யலாம் என்பதே.

அப்பீல் செய்தார்கள். 2019 ஜனவரியில் ஹைகோர்ட்டு தள்ளியது. ஏப்ரல் 23-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் தள்ளியது. அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் அந்தச் செய்திக் கட்டுரைக்குப் புலிட்சர் பரிசு கிடைத்திருந்தது. பரிசு ஒரு பக்கம், பூட்டு ஒரு பக்கம். கடைசியில் மே 7-ந் தேதி ஜனாதிபதியின் பொது மன்னிப்பில் 6,520 கைதிகளோடு கைதிகளாக இருவரும் வெளியே வந்தார்கள். குற்றமற்றவர்கள் என்று எந்தக் கோர்ட்டும் சொல்லவில்லை. மன்னித்தோம் என்றுதான் சர்க்கார் சொல்லிற்று.

காலச் சக்கரம் அத்துடன் நிற்கவில்லை. 2021 பிப்ரவரி 1-ந் தேதி ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. சூ கி அம்மையாரும் மறுபடி காவலுக்குப் போனார். 2022 செப்டம்பரில் அவருக்கு மூன்று வருஷத் தண்டனை விதிக்கப்பட்டது. எந்தச் சட்டத்தின் கீழ்? அதே 1923-ம் வருஷத்து அரசாங்க ரகசியச் சட்டத்தின் கீழ்! அவர் பதவியில் இருந்தபோது அந்தப் பழைய கத்தியை உறையிலேயே துருப்பிடிக்க விட்டிருக்கலாம். விடவில்லை. கத்திக்குத் தன்னைத் தீட்டியவர் யார் என்று தெரியாது. பதவிக்கு வந்ததும் பழைய சட்டங்களை வசதியாக வைத்துக்கொள்ளும் எல்லாக் கட்சியாரும் நினைவில் வைக்க வேண்டிய பாடம் இது.

நம் கையில் இருக்கும் காகிதம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் காப்பியோடு பத்திரிகையைப் பிரிக்கிறோம். அச்சடித்த செய்தி ஒவ்வொன்றின் பின்னாலும் யாரோ ஒருவர் ஒரு கதவைத் தட்டியிருக்கிறார். யாரோ ஒருவர் கதவைத் திறந்திருக்கிறார். இன் டின் கதையில் படத்தைக் கொடுத்த பௌத்தப் பெரியவர் ஒருவர். அதைச் சுமந்த நிருபர்கள் இருவர். கூண்டில் ஏறிய கேப்டன் ஒருவர். ஒருவர் பின்வாங்கியிருந்தாலும், மண்டியிட்ட அந்தப் பத்து பேரும் பயங்கரவாதிகளாகவே மண்ணுக்குள் இருந்திருப்பார்கள்.

நிருபரைச் சிறையில் அடைப்பவர்கள் உண்மையில் அடைப்பது நிருபரை அல்ல. அவருக்குக் கதவைத் திறக்கக்கூடிய அடுத்த ஆளின் துணிச்சலை. அது அடைபட்டுவிட்டால் நாம் காப்பியோடு பிரிக்கும் காகிதம் வெறும் காகிதம்தான். ஆகவே, எங்கோ ஓர் ஊரில் ஒரு நிருபர் கைது என்று நாலு வரிச் செய்தியைப் பார்த்தால், அதைத் தாண்டிச் சினிமாப் பக்கத்துக்குப் போவதற்கு முன், அவர் என்ன எழுதிக்கொண்டிருந்தார் என்று ஒரு கேள்வி கேட்போம். அந்தக் கேள்விக்காவது எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை.