கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்

தீபாவளிக்கு முந்தைய வாரம். ஒரு துணிக்கடையின் இணையதளத்தில், முகப்பிலேயே பெரிதாகக் ‘கொண்டாட்டம்’ என்று வர வேண்டும். சும்மா வந்தால் போதாது. ஒவ்வோர் எழுத்தாக மேலிருந்து இறங்கி வந்து வரிசையில் உட்கார வேண்டும். ஆங்கிலத் தலைப்புகளுக்கு இதைப் பலமுறை செய்திருக்கிறேன். சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு பெட்டிக்குள் வைத்து, பெட்டிகளைச் சற்றுச் சற்றுத் தாமதமாக இறக்க வேண்டும். பத்து வரி ஜாவாஸ்கிரிப்ட். மதியத்துக்குள் முடித்து, கடைக்காரருக்கு லிங்க்கை அனுப்பிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தேன்.

கை கழுவுவதற்குள் போன் வந்தது. “தம்பி, கொம்பு ஒரு பக்கம் நிக்குது, காலு ஒரு பக்கம் நிக்குது. நடுவுல புள்ளி புள்ளியா ஒரு வட்டம். மேல வைக்கிற புள்ளியெல்லாம் தனியா இறங்கி வருது. என்ன தம்பி இது?”

அவர் சொன்னது ஒவ்வொன்றும் உண்மை. இணையப் பக்கத்தின் முகத்தைச் செய்யும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். என் தாய்மொழியை என் கையாலேயே கொம்பு வேறு, கால் வேறாகப் பிய்த்துப் போட்டதைத் திரையில் பார்த்தபோது வலித்தது. ஏன் இப்படி ஆனது என்று தேடிப் போன வழி 1988 வரைக்கும் இழுத்துச் சென்றது.

கணினியைப் பொறுத்தவரை ‘கொ’ என்று ஓர் எழுத்து கிடையாது. ‘க’வுக்கு 2965 என்று ஓர் எண் உண்டு. ஒகரக் குறிக்கு 3018. இரண்டும் அடுத்தடுத்து வந்தால் அது ‘கொ’. யூனிகோடின் அடிப்படைத் தமிழ்த் தொகுதியில் இருக்கும் குறிகள் மொத்தம் 72தான். நம் 247 எழுத்துகளையும் அவற்றை அடுக்கித்தான் எழுத வேண்டும். இந்திய மொழிகளுக்காக 1988-இல் வந்த இஸ்கி என்ற தர அமைப்பிலிருந்து யூனிகோடு எடுத்துக்கொண்ட ஏற்பாடு இது. அதனால் ‘கொண்டாட்டம்’ என்ற சொல் நம் கண்ணுக்கு 6 எழுத்து, கணினிக்கு 11 எண். என் நிரல் அதைப் பதினொன்றாக வெட்டியது. 3018 என்ற குறி தனிப் பெட்டியில் துணையில்லாமல் மாட்டிக்கொண்டது. சார்ந்து நிற்க ஓர் எழுத்து இல்லாத குறியைக் கண்டால், அந்த இடத்தில் புள்ளி வட்டம் ஒன்றைப் போட்டுக் காட்டுவது எழுத்துகளை அடுக்கும் மென்பொருளின் வழக்கம். கடைக்காரர் பார்த்தது அதைத்தான்.

சரியாக நடக்கும்போது நடப்பது இதைவிட வியப்பானது. குரோம், ஃபயர்பாக்ஸ் இரண்டுக்கும் உள்ளே ஹார்ஃப்பஸ் என்றொரு மென்பொருள் இருக்கிறது. 2965, 3018 என்ற இரண்டு எண்களும் அதன் கைக்கு வருகின்றன. ஒகரக் குறியை முதலில் அது இரண்டாக உடைக்கிறது: கொம்பு ஒன்று, கால் ஒன்று. பிறகு கொம்பைத் தூக்கிக் ‘க’வுக்கு முன்னால் வைக்கிறது, காலைப் பின்னால் விடுகிறது. நினைவகத்தில் ‘க’ முதலில் இருக்க, திரையில் கொம்பு முதலில் வருகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சிலேட்டில் எழுதிப் பழகும் வரிசையை, தமிழ் தெரியாத ஓர் இயந்திரம் ஒவ்வொரு சொல்லிலும் போட்டுக் காட்டுகிறது. நீங்கள் செல்பேசியில் ஒரு செய்தியைப் படிக்கும்போது இது எத்தனையோ தடவை நடந்து முடிந்துவிடுகிறது.

அப்புறம் அசைவு. பெரும்பாலான திரைகள் விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படுகின்றன. அதாவது ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே பிரவுசருக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லி விநாடி. அதற்குள் என் நிரலை ஓட்ட வேண்டும், எந்தப் பெட்டிக்கு எந்த வண்ணம், எந்த அளவு என்று முடிவு செய்ய வேண்டும், ஒவ்வொன்றும் எங்கே உட்காரும் என்று கணக்குப் போட வேண்டும், வரைய வேண்டும், வரைந்த அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துத் திரைக்கு அனுப்ப வேண்டும். ‘பக்கத்தின் மேல் விளிம்பிலிருந்து இத்தனை தூரம்’ என்று எழுதி நான் எழுத்தை இறக்கினால், ஒவ்வொரு படத்துக்கும் இடக் கணக்கை மறுபடி போட வைக்கிறேன். ‘வரைந்து முடித்ததை அப்படியே நகர்த்து’ என்று எழுதினால், அந்த வேலை வரைகலைச் சில்லுக்குப் போய்விடுகிறது. மற்ற எதுவும் அசைவதில்லை. பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். விலை குறைந்த போனில் மட்டும் ஒன்று திக்கும், இன்னொன்று வழுக்கிக்கொண்டு இறங்கும். இந்த வித்தியாசத்தை முதன்முதலில் என் கண்ணால் பார்த்த நாளில்தான் இந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது.

சரி, எழுத்தைத் தப்பாக வெட்டியது யார்? பிரெண்டன் ஐக் 1995 மே மாதத்தில், நெட்ஸ்கேப் நிறுவனத்தில், பத்தே நாளில் உருவாக்கிய மொழி ஜாவாஸ்கிரிப்ட். ஒரு சொல்லின் நீளம் என்ன என்று அதைக் கேட்டால் அது எழுத்துகளை எண்ணாது. 16 பிட் அளவுள்ள துண்டுகளை எண்ணும். ‘தமிழ்’ என்று கொடுத்தால் 5 என்கிறது. அப்பா, அம்மா, மகள் மூவரும் நிற்கும் ஒற்றை எமோஜியைக் கொடுத்தால் 8 என்கிறது. இது என்னைப் போன்றவர்களின் தலைவலி மட்டுமில்லை. ‘பெயர் 10 எழுத்துக்குள்’ என்று ஒரு படிவத்தில் கட்டுப்பாடு வைத்தால், எட்டே எழுத்துள்ள கிருஷ்ணமூர்த்தி அதில் அடங்க மாட்டார். அவருக்கு 15 துண்டுகள் வேண்டும். படிவம் ‘கிருஷ்ணமூர’ என்ற இடத்தில் அவரை நிறுத்திவிடும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. அதே ‘கொ’வை 2965, 3014, 3006 என்றும் எழுதலாம்: ககரம், கொம்பு, கால். திரையில் மயிரிழை வித்தியாசமும் தெரியாது. ஆனால் இரண்டும் ஒன்றா என்று ஜாவாஸ்கிரிப்ட்டைக் கேட்டால் இல்லை என்கிறது. தேடல் பெட்டியில் ‘கொலுசு’ என்று சரியாகத்தான் தட்டியிருப்பார்கள். கடையில் கொலுசு இருக்கும். தேடல் மட்டும் ‘எதுவும் இல்லை’ என்று சொல்லும். தேடும் முன் இரு பக்கத்தையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவர ஓர் ஆணை இருக்கிறது, ஒரே வரி. அந்த வரியை எழுதாத தமிழ்த் தளங்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

இதையெல்லாம் திருத்திவிட்டால் என்ன? நீளம் கேட்டால் எழுத்தை எண்ணு என்று மாற்றிவிட்டால் என்ன? முடியாது. துண்டுகளை எண்ணும் என்று நம்பி 1995 முதல் எழுதப்பட்ட பக்கங்கள் அத்தனையும் அன்றைக்கே தடுமாறும். யூனிகோடும் அப்படித்தான்: ஒரு குறிக்கு எண் கொடுத்துவிட்டால் அதை இடம் மாற்றுவதில்லை, நீக்குவதுமில்லை என்பது அதன் கொள்கை. ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் ஒற்றை எண் தரும் டேஸ் 16 முறையைத் தமிழ்நாட்டு அரசு 2010-இல் அங்கீகரித்தது. ஆனால் அதற்குள் இணையத் தமிழ் யூனிகோடில் வேரூன்றிவிட்டது.

இணையத்தை உடைக்காதே என்பது எங்கள் தொழிலின் ஆதிக் கட்டளை. அது எவ்வளவு கறாரானது என்பதற்கு 2018-இல் நடந்த ஒன்றைச் சொல்லலாம். பட்டியலுக்குள் இருக்கும் பட்டியல்களைப் பிரித்து ஒரே பட்டியலாக்கும் வசதி ஒன்றை ஜாவாஸ்கிரிப்ட்டில் சேர்க்க நினைத்தார்கள். பெயர் ‘ஃபிளாட்டன்’. சோதனைக்காக ஃபயர்பாக்ஸின் முன்பதிப்பில் சேர்த்ததும் குறைந்தது ஒரு தளமாவது படுத்துவிட்டது. மூடூல்ஸ் என்ற பழைய நிரல் நூலகம் அதே பெயரில் தனக்கென ஒன்றை முன்பே வைத்திருந்தது, இரண்டும் மோதின. புதிதாகத் தளம் கட்டுபவர்கள் அந்த நூலகத்தைத் தொட்டே பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘அப்படிப்பட்ட தளங்கள்தான் திருந்திக்கொள்ள வேண்டும்’ என்று சொல்லியிருக்கலாம். அவர்கள் சொல்லவில்லை. புது வசதியின் பெயரைத்தான் ‘ஃபிளாட்’ என்று மாற்றினார்கள். எந்த மூலையிலோ யாரோ எப்போதோ எழுதிவிட்டு மறந்துபோன ஒரு பக்கத்துக்காக மொழியே வளைந்துகொடுத்தது.

ஸ்பேஸ் ஜாம் திரைப்படத்துக்காக 1996-இல் செய்த இணையதளம் இன்றைய பிரவுசரிலும் அன்று போலவே திறக்கிறது. டிம் பெர்னர்ஸ்-லீ செர்ன் ஆய்வகத்தில் தொடங்கிய முதல் இணையப் பக்கத்தின் பழைய படி ஒன்றை அதன் முகவரியிலேயே இன்றும் படிக்கலாம். 1996-இன் மென்பொருள்களை இன்றைய கணினியில் போட்டுப் பாருங்கள், எத்தனை ஓடும்?

தவறாக எழுதிய பக்கத்துக்கும் இடம் உண்டு. தடித்த எழுத்துக்கான குறியையும் சாய்வெழுத்துக்கான குறியையும் ஒன்றுக்குள் ஒன்று சிக்கும்படி எழுதிவிட்டால் பிரவுசர் பக்கத்தைத் திருப்பி அனுப்புவதில்லை. பிழையை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதே, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லின் விதிநூலில் படிப்படியாக எழுதப்பட்டிருக்கிறது. அதில் ஒரு வழிமுறைக்குத் தத்தெடுப்பு நிலையம் என்று பெயர். பெற்றோர் குழம்பிப்போன பிள்ளைக் குறிகளுக்கு வேறொரு பெற்றோரைத் தேடிக் கொடுப்பது அதன் வேலை. இந்தப் பெயரை முதன்முறை படித்தபோது விதிநூலை மூடிவைத்துவிட்டுச் சிறிது நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அடித்தளம் இப்படி மாறாமல் இருக்க, அதன்மேல் நாங்கள் கட்டுவதோ நிற்பதே இல்லை. 2006-இல் ஜேகுவெரி, 2013-இல் ரியாக்ட், நடுவிலும் பின்னும் எத்தனையோ நிரல் நூலகங்கள். நான் ஒரு கட்டமைப்பைக் கற்று, அதில் ஒரு தளத்தைக் கட்டி, இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்து பார்த்தால் அதை ஓட்டவே முடிவதில்லை. அது சார்ந்திருந்த பொதிகளில் பாதி கைவிடப்பட்டிருக்கின்றன. 2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற 11 வரி நிரலை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து அதை நீக்கியதும், அவரைக் கேள்விப்பட்டே இராத பல நிறுவனங்களில் மென்பொருளைக் கட்டும் வேலை அன்று தடைப்பட்டது. ஒரு சொல்லுக்கு இடப்பக்கம் வெற்றிடமோ வேறொரு குறியோ சேர்ப்பதைத் தவிர அது வேறொன்றும் செய்ததில்லை. செல்பேசிக்கு இறங்கும் ஒரு சராசரிப் பக்கம் இன்று 2 எம்பியைத் தாண்டிவிட்டது. ‘கொண்டாட்டம்’ என்ற சொல் 33 பைட். அந்தச் சொல்லை அசைக்க ஒரு நூலகத்தையே இழுத்து வந்து, வாடிக்கையாளரின் டேட்டாவில் அதைக் கழிக்கும் பழக்கம் தப்பு என்றுதான் நான் சொல்வேன்.

எழுத்தை எழுத்தாகவே பிரிக்கும் கருவி ஒன்று ஜாவாஸ்கிரிப்ட்டுக்கு வந்துவிட்டது. பழையதை மாற்றாமல், பக்கத்தில் புதிதாக ஒன்றைச் சேர்த்தார்கள். பெயர் செக்மென்டர். 2020-இல் குரோமிலும், 2021-இல் சஃபாரியிலும், 2024-இல்தான் ஃபயர்பாக்ஸிலும் வந்தது. ‘கொ’வை அது ஒன்றாகவே எடுக்கிறது. ‘லக்ஷ்மி’யின் ‘க்ஷ்’-ஐ இன்னும் ‘க்’ என்றும் ‘ஷ்’ என்றும் பிரித்துவிடுகிறது, அதற்குக் கையால் ஒரு விதி எழுத வேண்டும். என் தலைப்புக்கு அந்தக் கவலை இல்லை. மாற்றி அனுப்பினேன். ஆறு எழுத்தும் அழகாக இறங்கின.

மாலையில் மறுபடி போன். “தம்பி, என் போன்ல நல்லா வருது. கல்லாவுல ஒரு பழைய டேப் இருக்குல்ல, அதுல தலைப்பே காணோம்.”

அந்த டேப்பின் பிரவுசருக்குப் புதுப்பிப்பு நின்று பல காலம் ஆகிவிட்டது. செக்மென்டர் என்ற பெயரே அதற்குத் தெரியாது. தெரியாத குறியை ஹெச்டிஎம்எல் கடந்து போய்விடும். தெரியாத வரியை, பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் விட்டுவிடும். ஜாவாஸ்கிரிப்ட் மட்டும் அங்கேயே நின்றுவிடும். நான் அசைவுக்காகத் தலைப்பை முதலில் மறைத்து வைத்திருந்தேன். திறந்து காட்ட வேண்டிய நிரல் பாதியில் நின்றதால் மறைந்தது மறைந்தபடியே இருந்தது.

எழுதியதை எல்லாம் அழித்துவிட்டுத் திருப்பி எழுதினேன். தலைப்பு முழுச் சொல்லாகப் பக்கத்திலேயே இருக்கட்டும். பிரவுசரிடம் செக்மென்டர் இருக்கிறதா என்று முதலில் கேள். இருந்தால் மட்டும் மறைத்து, பிரித்து, இறக்கு. மறுநாள் கடைக்கே போய்ப் பார்த்தேன். கல்லாவில் பில் கட்டுகளுக்குச் சாய்த்து வைத்திருந்த டேப்பில், மூலை உடைந்த கண்ணாடிக்குப் பின்னால், கொம்பும் காலும் தத்தம் இடத்தில் இருக்க, ‘கொண்டாட்டம்’ அசையாமல் நின்றுகொண்டிருந்தது.